பொங்கல் பந்தியில் ஒரு கார்செட்

"வந்துட்டா மகாராணி! கொஞ்சம் இங்கே வந்து பாருங்களேன்."

ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்தபடி கல்யாணி கூப்பிட்டாள். அவள் புருஷன் வெற்றி லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

எதிர்வீட்டு வாசலில் பிரணவி. தரையைத் தொடும் நீலக் கவுன், கழுத்து வரை பட்டன், உள்ளே இடுப்புக் கச்சாக இறுக்கிக் கட்டிய கார்செட்டால் வளையாத முதுகு. பக்கத்தில் அவள் கணவன் ரஜிதன், வேஸ்ட்கோட்டும் உயரத் தொப்பியுமாக. யாழ்ப்பாணத்து ஜோடி, சின்ன வயசு. இந்த வெளிநாட்டுப் புறநகரான பாட்டனி டவுன்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே கூத்துதான். காய்கறிக் கடைக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, விக்டோரியா மகாராணி காலத்து உடுப்பு.

"கார் கதவைத் திறந்து விடுறார். கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறார். கவுனை வேற எடுத்து உள்ளே மடிச்சு விடுறார். பாருங்க, பாருங்க!"

"அதான் நீ பாத்துட்டு இருக்கியே. எனக்கு மீட்டிங் இருக்கு."

கல்யாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் வாயைக் கிளறியபோது பிரணவியே சொல்லியிருந்தாள்: "தினமும் விடிய இவர்தான் அக்கா எனக்கு இறுக்கிக் கட்டிவிடுறவர். வேஸ்ட்கோட்டுக்கு உள்ளுக்குள்ள தானும் ஒண்டு கட்டுறவர்."

தினமுமாம்! இங்கே சங்கிலிக் கொக்கியை மாட்டிவிடச் சொன்னால், "கண்ணாடியைப் பார்த்து மாட்டிக்கோ" என்கிற மனுஷன்தான் வாய்த்திருக்கிறான்.

"ஆம்பளை கார்செட் கட்டுறானாம், வெக்கக்கேடு" என்று வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளே எரிந்தது அணையவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"இந்த வருஷம் இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பொங்கல் சாப்பாடு நம்ம வீட்டுல. தரையில பாய் விரிச்சு, வாழை இலை போட்டு."

"அவ்வளவு பெரிய டைனிங் டேபிள் வாங்கினோமே?"

"பந்தின்னா தரையிலதான். நாலு பேர் முன்னாடி அந்த மகாராணி எப்படிக் குனிஞ்சு உக்காருறான்னு நான் பாக்கணும்."

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டுவிட்டு வெற்றி மீட்டிங்குக்குள் போய்விட்டான்.

இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை; பொங்கலன்று வெயில் கொளுத்தியது. ஹாலில் இலை போட்டதும் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பிரணவி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா. பரிமாறணும்."

"இல்லை அக்கா, நான் நிண்டு சாப்பிடுறன்."

உட்கார்ந்திருந்த ரஜிதன் சட்டென்று எழுந்துவிட்டான். "நாங்கள் ரெண்டு பேரும் நிண்டே சாப்பிடுறம் அக்கா."

"பந்தியில யாராவது நின்னு சாப்பிடுவாங்களா? அந்தக் கார்செட்டைக் கழட்டி வெச்சுட்டு வாயேன். ஒரு வேளை ஃபேஷன் குறைஞ்சா என்ன ஆயிடும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரணவியின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் கல்யாணி இத்தனை பாய் விரித்திருந்தாள்.

"அக்கா, ஒருக்கா அறைக்குள்ள வாறியளோ?"

கூடவே வரப்பார்த்த ரஜிதனைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, பிரணவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கவுன் பட்டன்களைக் கழற்றினாள்.

உள்ளே லேஸ் இல்லை, பட்டு நாடா இல்லை. மார்பிலிருந்து இடுப்பு வரை கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு. ஆஸ்பத்திரியில் கொடுப்பது. தடித்த பட்டைகளால் இழுத்துக் கட்டியிருந்தது.

"இதைக் கழட்டினால் என்னால நிக்கவும் ஏலாது அக்கா."

"ஐயோ, என்னம்மா இது?"

"முதுகெலும்பு. இங்க வர முந்தி மனுரேவாவில இருக்கேக்க கார் அடிச்சது. இனி எப்பவும் இதோடதான்."

கல்யாணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாதாரண சட்டை போட்டால் இது துருத்திக்கொண்டு தெரியும். காணுற ஆக்கள் எல்லாம் 'ஐயோ பாவம், ஐயோ பாவம்' எண்டு சொல்ல, நான் வெளியில போறதையே விட்டிட்டன். கோயிலுக்கும் போறேல்லை. அப்பதான் இவர் தேடிப்பிடிச்சு இந்த உடுப்பை வாங்கிக்கொண்டு வந்தவர். 'நீர் மட்டும் போட்டால் விசர், பைத்தியம் எண்டுவினம், ரெண்டு பேரும் போட்டால் ஸ்டைல் எண்டுவினம்' எண்டு தானும் தொடங்கிட்டார். எங்கட வீட்டில உண்மையான கார்செட் கட்டுறது அவர் மட்டும்தான் அக்கா. எனக்கு இறுகிற மாதிரித் தனக்கும் இறுகட்டுமாம்."

"என்னை மன்னிச்சிடும்மா. இப்பவே போய் எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்..."

"வேண்டாம் அக்கா!" பிரணவி அவசர அவசரமாகப் பட்டனைப் போட்டாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஒண்டே ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு என்னில பொறாமையோ?"

கல்யாணியால் தலை நிமிர முடியவில்லை. "ஆமாம்மா. வயிறு எரிஞ்சுதான் பந்தியைத் தரையில போட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தால், பிரணவி கண் கலங்கச் சிரித்தாள்.

"முதல் நாள் இந்த உடுப்பைத் தரேக்க இவர் சொன்னவர் அக்கா. 'இனி உம்மைப் பாத்து ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லக்கூடாது, பொறாமைப்படோணும்' எண்டு."

கல்யாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஹாலே திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, இலையெல்லாம் டைனிங் டேபிளுக்குப் போகட்டும். மகாராணி தரையிலயா உக்காருவா?" என்றவள், கவலையோடு நின்ற ரஜிதனைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"உங்க பொண்டாட்டியைப் பாத்தா எனக்கு இன்னமும் வயிறு எரியுது தம்பி!"