திங்களும் புதனும்

"பசிக்கல" என்று சொல்லிவிட்டு தினேஷ் கை கழுவப் போனான். சாப்பிடாதவன் எதற்கு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று ஸ்ரேயா நினைத்தாள்.

மேஜையில் வாழைக்காய் வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. மீன் துண்டு மாதிரி சாய்வாக நறுக்கி, மிளகாய்த்தூள் தடவி, யூடியூபைப் பார்த்துச் செய்தது. ஆபீஸ் வேலையை மூடிவைத்த பிறகு அரை மணி நேரத்தில் அவளால் முடிந்தது அவ்வளவுதான். அவளுக்கு மோர்க்குழம்பும் சாதமும் போதும். தூத்துக்குடிக்காரனுக்குப் போதாது என்பதும் தெரியும்.

மற்ற நாட்களில் அவன் குறை சொல்லாமல் சாப்பிடுவான். ஆபீசுக்குப் போய் வரும் திங்களும் புதனும் மட்டும் இப்படி. இரண்டு மாதமாக.

"இன்னிக்கும் டீம் டின்னரா?"

"ஆமா."

"பொய் நக்கோ, தினேஷ். பொய் வேண்டாம்."

அவள் அவனுடைய பையைத் திறந்தாள். லேப்டாப்புக்கு அடியில் ஒரு இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா, புத்தம் புதியது. கழுவித்தான் இருந்தது. மூடியைத் திறந்ததும் மீன் வாடை வந்தது. கூடவே லேசாகப் பெருங்காயம்.

மீன் குழம்பில் பெருங்காயம் போடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. அவள் மீன் சமைத்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு அவள் அப்பா பாலசுப்ரமணியன் வரவில்லை. "மீன் வேகற வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அம்மாவும் உயிரோடு இல்லை. இவர்கள் குடியிருக்கும் குஷாய்குடாவிலிருந்து மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி, ஏ.எஸ்.ராவ் நகரில், தானே பொங்கித் தின்றுகொண்டு தனியாக இருக்கிறார்.

என்றாவது ஒரு நாள் அவர் வருவார் என்றுதான் இந்த வீட்டுக்குள் ஸ்ரேயா மீனையே விடவில்லை. தினேஷும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டான். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

டப்பாவை மேஜையில் நங்கென்று வைத்தாள். "யாரு சமைச்சுக் குடுக்கறது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "சமையல் ஒண்ணும் பெருசா இல்ல, ஸ்ரேயா. ஒரு நாள் உப்பு கடல் தண்ணி மாதிரி இருக்கும். ஒரு நாள் உப்பே இருக்காது."

"அப்படியும் போய்த் திங்கறே."

"வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

ருசியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"எங்கே பிடிச்சே?"

"மார்க்கெட்ல. மீன் கடை வாசல்ல சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். 'ஏன் வாங்காமப் போறே'ன்னு பின்னாலேர்ந்து ஒரு குரல். எங்க வீட்ல சமைக்கிறதில்லன்னேன். அடுத்த திங்கக்கிழமை பஸ் ஸ்டாப்ல டப்பாவோட நின்னாங்க."

"பாவப்பட்டு."

"இருக்கலாம்."

"ரெண்டு பேரும் உக்காந்து என்ன பேசுவேள்? என்னைப் பத்திச் சிரிப்பேளா?"

"உன்னைப் பத்தி மட்டும்தான் பேசுவோம். சிரிக்கிறதில்ல."

ஸ்ரேயா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். இவனை நம்பித்தான் அந்த வீட்டை விட்டு இறங்கினாள். இப்போது இங்கிருந்தும் இறங்கினால், போவதற்கு ஒரு வாசல்கூட இல்லை.

"பேரைச் சொல்லு."

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

"நல்ல சத்தியம்."

அப்போது மேஜையில் கிடந்த அவன் போன் அடித்தது. திரையில் 'மீன் குழம்பு' என்று வந்தது. தினேஷ் பாய்ந்து கையை நீட்டினான். அவள் முந்திக்கொண்டாள்.

"ஸ்ரேயா, வேண்டாம். நானே சொல்லிடறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவளே சொல்லட்டும்."

ஸ்பீக்கரை அழுத்தினாள். கேட்க வேண்டிய நாலு கேள்வியும் நாக்கு நுனியில் இருந்தன.

முதலில் யாரோ தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது. பிறகு குரல்.

"மாப்பிள்ளை, இன்னிக்காவது உப்பு சரியா இருந்துதா? என்னால வாயில வெச்சுப் பாக்க முடியலையே!"