கூட்ட அறையில் இரண்டு வெளிச்சம்

ஜெலாப்பாங் தொழிற்சாலையின் கூட்ட அறைச் சுவரில் இரண்டு வெளிச்சங்கள் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. விளக்கு போட்ட பழைய புரொஜெக்டருடையது பழுப்பு. கடைக்காரர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த லேசர் புரொஜெக்டருடையது சுண்ணாம்பு வெள்ளை. பதினோரு வருடமாக இங்கே புரொஜெக்டருக்கு விளக்கு மாற்றும் துளசி, கையில் புது விளக்கின் அட்டைப்பெட்டியோடு நிற்கிறாள். பழையதன் விசிறி இரைக்கிறது. மேனேஜர் மெய்யப்பன் கணினியில் கைக்கு அகப்பட்ட கோப்பைத் திறந்துவிட்டு, குனிந்து வயரை இறுக்குகிறார். "லேசருக்கு விளக்கே மாத்த வேணாம்லா. எழுத்து எதுல தெளிவா இருக்கு, பாத்து சொல்லு." சுவரில், அடுத்த மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்படுவோரின் பட்டியல். நான்காவது பெயர் இடப்பக்கப் பழுப்பில் யாருடையதோ போல மங்கிக் கிடக்கிறது. வலப்பக்க வெள்ளையில் துளசியின் பெயர், அடையாள அட்டை ஐசி நம்பர் வரைக்கும் பளிச்சென்று நிற்கிறது. "லேசர்லதான் பாஸ்," என்கிறாள். "நல்லா தெரியுது."