வற்புறுத்தாத வீடு

வாயில் தோசை இருக்கும்போதே கதவு திறந்தது.

இசக்கிராஜ் வண்டிச் சாவியை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். எடுக்க வந்தவன் அடுப்படி வாசலில் அப்படியே நின்றான்.

அவள் மேடையோரம் நின்றபடி, ஆறிப்போன தோசையைப் பிய்த்து, மிளகாய்ப்பொடியில் தொட்டு, அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

சற்று முன்புதான் கேட்டிருந்தான், இன்னொன்று போடட்டுமா என்று. வேண்டாம் என்றாள். சரி என்று அடுப்பை அணைத்துவிட்டான்.

கல்யாணமானதிலிருந்து இதே கதைதான்.

அவள் ஊரில் முதல் தடவை கேட்டதுமே தட்டை நீட்டுகிற வழக்கம் கிடையாது. நீட்டினால், காணாததைக் கண்டவள் என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அட, சும்மா சாப்பிடு என்று அவர்கள் போட வர வேண்டும். போதும் போதும் என்று கையால் மறைக்க வேண்டும். மறைத்த கையைத் தள்ளிவிட்டு அவர்கள் போட வேண்டும். அப்படித்தான் அங்கே எல்லோருக்கும் வயிறு நிறையும்.

இவன் ஒரு தடவைதான் கேட்பான்.

அதற்குக் காரணமும் அவள்தான்.

முதல் கல்யாணத்தை முறித்துக்கொள்ளப் போனபோது வக்கீலம்மா கேட்டார். அடிச்சானா? இல்லை. பட்டினி போட்டானா? இல்லை. பின்ன என்னம்மா செஞ்சான்?

அந்த ஆள் கையே ஓங்கியதில்லை. அவன் நினைத்த எதற்கும் அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும். சொல்கிற வரைக்கும் அறைக்கதவு திறக்காது. அவ்வளவுதான்.

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் வக்கீலம்மா, "வற்புறுத்தல்" என்றார்.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டாள்.

அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இசக்கிராஜ் பெண் பார்க்க வந்த அன்று அவனிடம் அது ஒன்றைத்தான் கேட்டாள். என்னை எதுக்கும் வற்புறுத்தக் கூடாது.

சரி என்றான்.

அந்தச் சொல்லுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நல்ல மனுஷன், எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டான். ஒருநாள் மழையில் குடையை நீட்டினான். வேண்டாம் என்றாள். மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனும் கூடவே நனைந்து வந்தான்.

இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பசியோடயா இருந்த?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"தெனமுமா?"

அதற்கும் ஆட்டினாள்.

"இன்னொரு தடவ கேட்டா வற்புறுத்துத மாதிரி ஆயிருமோன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவன் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. முதல் புருஷன் வீட்டில் அவள் வேண்டாம் என்றால் அதற்கு ஒரு மதிப்பும் இருந்ததில்லை. இங்கே அதற்கு இருக்கிற மதிப்பில்தான் அரைவயிறாகக் கிடக்கிறாள்.

அவன் அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டான். மாவைக் கலக்கிக் கரண்டியில் எடுத்தான். எடுத்துவிட்டு, அவளைப் பார்த்தபடி நின்றான்.

கேட்கவும் பயம். கேட்காமல் ஊற்றவும் பயம்.

கல் புகைய ஆரம்பித்தது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஊத்துங்க."

"எத்தன?"

அவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை.

"ஊத்திக்கிட்டே இருங்க. போதும்னா நானே சொல்லுதேன்."