மூன்றாவது படம்

அறுபது வயதில் கன்னம் தொங்கிவிட்டதே என்று அக்கா தோல் டாக்டரிடம் வந்திருந்தாள். துணைக்கு வந்த தங்கைக்குப் புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தது. அவளுடைய ஸ்கேன் முடிவு நாளைக்குத்தான் தெரியும்.

"லேசர் சுருக்கத்தைக் குறைக்கும். தொங்குறதைத் தூக்கணும்னா ஆபரேஷன்தான். ரெண்டுலயும் முகம் எப்படி மாறும்னு பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

நர்ஸ் அக்காவை மட்டும் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். மாறப்போகும் முகத்தைக் காட்டும் மெஷினிலிருந்து எப்போதும்போல இரண்டு தாள்கள் வந்தன. லேசர் முகம் பளபளவென்று இருந்தது. ஆபரேஷன் முகம் விறைப்பாக இருந்தது.

"இதுல யாரையோ முறைக்கிற மாதிரியே இருக்கியே," என்றாள் தங்கை.

பிரிண்டர் மூன்றாவதாக ஒரு தாளைத் தள்ளியது. அதில் இரண்டு கிழவிகள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்கள். ஒருத்தி அக்கா. அவள் தோளில் சாய்ந்திருந்த தங்கைக்கு இடுப்புவரை வெள்ளை முடி.

"மெஷின்ல இப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே," என்று நர்ஸ் அதைக் கசக்கப் போனாள். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இதுதான். ஒரு சுருக்கம்கூடக் குறையக் கூடாது."

தாளின் மூலையில் வழக்கம்போல் தேதி அச்சாகியிருந்தது. நாளும் மாதமும் இன்றையவைதான். வருடத்தைத் தங்கை விரல்விட்டு எண்ணினாள்.

"ஐயோ அக்கா! இன்னும் முப்பத்தோரு வருஷம் உன்கூட மல்லுக்கட்டணுமா நான்?"