கம்ப்யூட்டரின் உறை

1989. போடியில் ஏலக்காய்க் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். கம்ப்யூட்டர் ஒன்று, வாத்தியார்கள் இரண்டு பேர். புரோகிராமை வெறும் எழுத்துத் திரையில் அடிப்பதே வித்தை என்கிறார் காசிராஜன். படம் போட்ட திரையில் மவுசால் தொட்டுத் தொட்டு எழுதுவதே நாகரிகம் என்கிறார் மொக்கச்சாமி. ஆயுத பூசைக்குப் பூசிய சந்தனம் மவுசின் உருண்டையில் காய்ந்து கிடப்பதால், திரையில் அம்புக்குறி நகர மறுக்கிறது. "தேரு நெலைய விட்டு அசையல போல, மாப்ளே" என்கிறார் காசிராஜன். "ஒங்க எழுத்துத் திரை எடிட்டர்ல இருந்து வெளிய வர வழி தெரியாம முந்தாநாள் பிளக்கப் புடுங்குனது யாருண்ணே?" என்கிறார் மொக்கச்சாமி. சுவரோரம் மாணவி மாயக்காள் நிற்கிறாள். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வருகிறாள். வந்ததும் கம்ப்யூட்டரின் துணி உறையைக் கழற்றுவதும், போகும்போது மாட்டுவதும் அவள் சோலி. நாளை அவள் குடும்பம் ஜீப்பு போகாத மேல் எஸ்டேட்டுக்கு மாறுகிறது. இன்றோடு படிப்பு சரி. ஏலக்காய்க் கறை படிந்த விரல்களில் எட்டு வரி புரோகிராம் எழுதிய நோட்டு. ஓடினால் திரையில் அவள் பெயர் பத்து முறை வரும். மாலை வெயில் கீபோர்டிலிருந்து மெல்ல இறங்குகிறது. கீழே அவள் மலைக்குத் திரும்பவேண்டிய போடிமெட்டு ஜீப்பு ஹாரன் அடிக்கிறது. "நீயே சொல்லு ஆத்தா, எது நல்லாருக்கு?" என்று இருவரும் அவள் பக்கம் திரும்புகிறார்கள். "தெரியல சார். நான் உறையத்தான தொட்டிருக்கேன்." பதில் காதில் விழுவதற்குள் அவர்கள் மவுசுக்குத் திரும்பி, அதைப் பிரித்துச் சந்தனம் சுரண்ட ஜன்னலோரம் போகிறார்கள். மறுபடியும் ஹாரன். அவள் நோட்டிலிருந்து புரோகிராம் எழுதிய தாளைக் கிழித்துக் கீபோர்டின்மேல் வைக்கிறாள். பிறகு வழக்கம்போல் உறையைப் போட்டு, சுருக்கம் நீவுகிறாள்.