கப்பலில் மூன்று கேபின்

"அம்மாகூட ஒரே கேபின்ல என்னால இருக்க முடியாது. வேற ஏற்பாடு பண்ணுங்கோ."

கப்பல் டிக்கெட் ஏஜெண்ட் நஞ்சுண்டசாமியின் ஆபீசில், எல்லார் எதிரிலும் கனகலக்ஷ்மி இப்படிப் போட்டு உடைத்தாள்.

மாமியார் சீதாலக்ஷ்மிக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாட்டுப்பெண் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "என்னை அம்மான்னுதான் கூப்பிடறா!" என்று மைசூர் லக்ஷ்மிபுரம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாளே!

ரங்கூனில் இருக்கும் பெரிய பெண் விசாலத்தின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. மாப்பிள்ளை ஐந்து பேருக்கும் இரண்டாம் வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார். மதராஸில் கப்பல் ஏறினால் நாலாம் நாள் ரங்கூன்.

"பொம்மனாட்டிகள் மூணு பேரும் ஒரு கேபின். நானும் பாச்சுவும் ஒரு கேபின்." மாமனார் கணபதிராமன் போட்ட திட்டம் இதுதான். சீதாலக்ஷ்மி, சின்னப் பெண் அம்புஜம், கனகம் மூவரும் ஒன்றாக இருக்கலாம். அதில் யாருக்கு என்ன கஷ்டம்?

"மூணு ராத்திரிதானே அம்மா? கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடிக்கோங்க" என்றார் நஞ்சுண்டசாமி, கன்னடம் கலந்த தமிழில்.

"இல்லை சார். ரெண்டு ரெண்டு பேர் இருக்கற கேபினா மூணு போடுங்கோ. யாருக்கு எதுன்னு நானே எழுதித் தரேன்."

இங்கிலீஷ் படித்த பெண். சரசரவென்று எழுதி நீட்டிவிட்டாள். அவள் புருஷன் பாச்சு கூரையைப் பார்த்தான். கணபதிராமன் "என்னவோ பண்ணுங்கோ" என்று எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் சீதாலக்ஷ்மி பக்கத்து வீட்டு ரங்கம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கணக்கு புரியறதோ உனக்கு? அவளும் பாச்சுவும் ஒரு கேபின். நானும் அம்புஜமும் ஒரு கேபின். பாவம், எங்காத்துக்காரர் இந்த வயசுல எவனோ ஊர் பேர் தெரியாதவனோட படுத்துக்கணும்!"

"அய்யோ ராமா! மூணு நாள் புருஷனை விட்டுட்டு இருக்க முடியலையாமா?" ரங்கம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெருக்கோடி வரை போய்விட்டது.

சீதாலக்ஷ்மி மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, நீ கேட்கச் சொன்னியா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என்ன எழுதினான்னு என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறா."

அப்புறம் மாட்டுப்பெண்ணிடமே கேட்டுவிட்டாள்.

"நான் குறட்டை விடறேனாடி?"

"இல்லம்மா."

"ராத்திரியெல்லாம் உன்னை எழுப்பி வேலை வாங்கினேனா?"

"ஐயோ, இல்லம்மா."

"பின்னே என்ன?"

கனகம் முறுக்கு மாவைப் பிசைந்தபடி சிரித்தாள். "கேட்காதேங்கோம்மா. சொன்னா வெக்கமா இருக்கும்."

"வெக்கம் வேறயா உனக்கு!"

அதோடு பேச்சு நின்றது. முறுக்கையும் தேங்குழலையும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வாயே திறக்காமல் சுட்டார்கள். ஆனால் கனகம் வாயை மூடிக்கொண்டே சிரிப்பது போலத்தான் சீதாலக்ஷ்மிக்குத் தோன்றியது. அது எரிச்சலை இன்னும் கிளப்பியது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் நஞ்சுண்டசாமியே டிக்கெட்டுகளோடு வந்தார். வழியனுப்ப வந்த ரங்கம்மாவும் கூடத்தில் இருந்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கேபின் பதினொண்ணு. உங்க மகன் பாச்சு. கூட ஒரு மர வியாபாரி வர்றாரு."

"யாரு, பாச்சுவா? சரியாப் பாருங்கோ" என்றாள் சீதாலக்ஷ்மி.

"சரியாத்தான் இருக்கு. பன்னெண்டு, கனகலக்ஷ்மி, அம்புஜம்."

பாச்சு திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேபின் பதிமூணு. கடல் பார்த்த ஜன்னல். ஸ்ரீமான் கணபதிராமன், ஸ்ரீமதி சீதாலக்ஷ்மி."

அம்புஜம் களுக்கென்று சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். கணபதிராமன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

ரங்கம்மா எழுந்தாள். "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்" என்று நழுவினாள்.

சீதாலக்ஷ்மிக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தபோது இப்படிச் சிவந்திருப்பாளோ என்னவோ.

"என்னடி கூத்து இது? ஊரெல்லாம் உன்னைப் பத்தி... நான் வேற வாய் ஓயாம... முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க ஒத்துண்டிருப்பேளா? 'சீ, போடி'ன்னு அடிக்க வந்திருப்பேள். அதான் பேரு கெட்டா எனக்கே கெடட்டும்னு விட்டுட்டேன்."

"தனி ரூமெல்லாம் சின்னஞ்சிறுசுகள் உங்களுக்குன்னா அழகு. எங்களுக்கு எதுக்குடி?"

கனகம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"எங்களுக்கு இந்த ஆத்துலயே இருக்கேம்மா. இருக்கற ஒரே ரூமை எங்களுக்குக் குடுத்துட்டு, அப்பா கூடத்துலயும் நீங்க சமையல் உள்ளுலயும் படுத்துக்கறேளே, அதை எட்டு மாசமா நான் பார்த்துண்டுதானே இருக்கேன்!"