ரெண்டு பேர் வள்ளம்

"இந்த வள்ளத்துல மூணு பேரு போவலாம். பாயும் புதுசாக்கும். சின்ன வள்ளத்துக்க விலைக்கே தாறேன்" என்றார் தேங்காய்ப்பட்டணத்து அசனார்.

"வேண்டாம் ஓய். வீட்டுலயே நானும் மவனும்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கரைக் கோயிலுக்குப் போவ ரெண்டு பேரு வள்ளம் போதும்" என்றார் யோவேல்.

பதினாறு வயது பொன்னையன் பெரிய வள்ளத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அப்பா, கோயில்ல பிரசங்கம் பண்ணுத உபதேசியாரும் நம்ம கரைதானே. அவரையும் ஏத்தலாமே?"

யோவேல் சின்ன வள்ளத்தில் மகனோடு உட்கார்ந்து, அசனாரையும் ஏறச் சொன்னார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது.

"இதுதான் நமக்குள்ள வள்ளம்" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

ஞாயிறு காலை, உபதேசியார் அக்கரைக்குப் போகும் கடத்துத் தோணிக்காகக் காத்து நின்றார். யோவேல் உடனே வள்ளத்திலிருந்து இறங்கினார்.

"நீங்க ஏறுங்க ஐயா. மவன் ஓட்டுவான்."

"அப்போ நீரு ஆராதனைக்கு வரண்டாமா?"

"நீங்க இல்லாம பிரசங்கம் உண்டா? நான் வீட்டுல இருந்து ஜெபிக்கேன்."

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

யோவேல் வீட்டுக்கு வந்தார். மூன்று மணி நேரப் பிரசங்கத்துக்குத் தப்பிய சுகத்தில், பழங்கஞ்சியைக் குடித்துவிட்டுக் குறட்டை விட்டார்.

பாட்டுச் சத்தம் அவரை எழுப்பியது. முற்றம் நிறைய ஆட்கள். பொன்னையன் வியர்வை சொட்டச் சொட்ட ஓடிவந்தான்.

"எழும்புங்கப்பா! நீங்க இல்லாம ஆராதனை இல்லன்னு உபதேசியாரு சொல்லிட்டாரு. பிரசங்கம் இங்கதான். சபை முழுசையும் ஒவ்வொருத்தரா நம்ம வள்ளத்துலயே கடத்தியாச்சு!"